இலை முதல் ஐஸ் வரை: வீட்டில் நல்ல ஐஸ் டீ போட முழுமையான வழிகாட்டி

ஐஸ் டீ நன்றாக இருக்கிறதா என்பதை நான் முதல் வாயில் முடிவு செய்வதில்லை. டம்ளரில் கால்வாசி மிச்சமிருக்கும்போது, ஐஸ் பாதிக்கு மேல் கரைந்த பிறகு, ஒரு வாய் குடித்துப் பார்ப்பேன். அப்போதும் டீயின் மணமும் துவர்ப்பும் நாக்கில் நிற்க வேண்டும். வீட்டில் போடும் ஐஸ் டீ பெரும்பாலும் சொதப்புவது இந்த இடத்தில்தான். முதல் வாய் கசக்கும், நடுவில் கொஞ்ச நேரம் சரியாக இருக்கும், கடைசியில் எலுமிச்சை மணக்கும் சர்க்கரைத் தண்ணீர் மிஞ்சும்.

நானும் நெடுநாள் அப்படித்தான் போட்டுக்கொண்டிருந்தேன். சூடாக டீ போட்டு, ஆறவிட்டு, ஐஸ் கட்டி போடுவேன். தண்ணீராகத் தெரிந்தால் அடுத்த முறை இன்னும் அதிக நேரம் கொதிக்கவிடுவேன். கசப்புதான் கூடியது. ஒருநாள் சமையலறைத் தராசில் ஐஸை எடை போட்டுப் பார்த்தபோது விஷயம் விளங்கியது. டம்ளரில் ஊற்றிய டீ 200 மில்லி, போட்ட ஐஸ் 150 கிராம். அந்த டம்ளரில் இருந்த தண்ணீரில் கிட்டத்தட்ட பாதி, தேயிலையைத் தொடவே இல்லை.

ஐஸும் தண்ணீர்தான். அதை முதலிலேயே கணக்கில் சேர்த்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. இங்கே நான் தரும் அளவுகள் எல்லாமே அந்தக் கணக்கை வைத்துப் போட்டவை.

குளிர்ந்தால் டீக்கு என்ன ஆகிறது?

முதலில், ஐஸ் எவ்வளவு கரையும் என்று தெரிந்துகொள்வோம். 30 டிகிரி வெப்பத்தில் இருக்கும் 200 மில்லி டீ, 5 டிகிரிக்கு இறங்க வேண்டுமானால் 50 கிராமுக்குச் சற்று மேல் ஐஸ் கரைந்தாக வேண்டும். அதாவது ஆறிய டீயை ஐஸ் மேல் ஊற்றிய சில நிமிடங்களிலேயே அதில் கால் பங்கு தண்ணீர் சேர்ந்துவிடுகிறது. அதே டீயை ஃப்ரிட்ஜில் நன்றாகக் குளிரவைத்துப் பிறகு ஐஸில் ஊற்றினால் ஆரம்பத்தில் கரைவது மிகக் குறைவு. இந்த ஒரு மாற்றத்தை மட்டும் செய்தாலே வித்தியாசம் தெரியும்.

அடுத்தது சுவை. குளிர்ந்த பானத்தில் நாக்கு இனிப்பைக் குறைவாகவே உணரும். மணமும் சூடாக இருக்கும்போது எழும்புவது போல எழும்பாது. அதனால் சூடாக இருக்கும்போது சரியாக இருந்த இனிப்பு, ஐஸ் சேர்ந்ததும் போதாமல் தெரியும். ருசி பார்ப்பதாக இருந்தால் ஒரு கரண்டி டீயை ஐஸில் குளிரவைத்துத்தான் பார்க்க வேண்டும்.

அப்புறம் கலங்கல். பளிங்கு போல இருந்த டீ, ஃப்ரிட்ஜில் இரண்டு மணி நேரம் இருந்த பிறகு சேற்று நிறத்தில் கலங்கிப்போவதைப் பார்த்திருப்பீர்கள். டீ கெட்டுப்போய்விட்டது என்று கொட்டியும் இருப்பீர்கள். அது கெடவில்லை. பிளாக் டீக்கு நிறத்தையும் துவர்ப்பையும் கொடுக்கும் தியாஃப்ளேவின், தியாரூபிஜின் என்ற பொருள்கள், டீ குளிரும்போது காஃபீனோடு சேர்ந்து நுண்ணிய துகள்களாகத் திரள்கின்றன. கண்ணுக்குக் கலங்கலாகத் தெரிவது அதுதான். டீ எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு கலங்கும். தண்ணீரில் கால்சியம் அதிகமாக இருந்தால் இன்னும் கூடும். உடம்புக்கு ஒரு கெடுதலும் இல்லை. ஆனால் கண்ணாடி டம்ளரில் வைத்துக் குடிக்கும் பானம் தெளிவாக இருந்தால் அதன் அழகே தனி. அதை எப்படித் தவிர்ப்பது என்பதும் கீழே வரும்.

எந்தத் தேயிலை?

ஐஸ் டீக்குத் தனியாக ஒரு தேயிலை வேண்டியதில்லை. ஆனால் வீட்டில் இருக்கும் தேயிலையின் குணம் தெரிய வேண்டும்.

சின்னச் சின்ன உருண்டைகளாக இருக்கும் சிடிசி டீத்தூள், பால் சேர்த்துக் குடிப்பதற்கு ஏற்றபடி வேகமாகவும் அடர்த்தியாகவும் சாறு இறங்கும் ரகம். பால் இருக்கும்போது அதன் துவர்ப்பைப் பாலின் புரதம் பிடித்துக்கொள்ளும். பால் இல்லாத ஐஸ் டீயில் அந்தத் துவர்ப்பைத் தாங்க ஆள் இல்லை. அதனால் சிடிசி தூளில் போடலாம், ஆனால் அளவையும் நேரத்தையும் குறைத்துக்கொள்ள வேண்டும். முழு இலையாகவோ பெரிய துண்டுகளாகவோ சுருண்டிருக்கும் ஆர்த்தடாக்ஸ் தேயிலை இதற்கு இன்னும் பொருத்தம். சாறு மெதுவாக இறங்கும், மணம் கூடுதலாக இருக்கும், அடியில் கசடும் குறைவு.

கலங்காத டீ வேண்டுமென்றால் நீலகிரித் தேயிலைதான் என் முதல் தேர்வு. குளிர்ந்த பிறகும் தெளிவாக நிற்பதற்காக அதற்கு நல்ல பெயர் உண்டு. அஸ்ஸாம் தேயிலை நிறமும் வலுவும் மிகுந்தது. அந்த வலுவே குளிரில் கலங்கலாகவும் மாறும். பழக்கூழோ பாலோ சேர்த்துக் குடிக்கப் போகிறீர்கள் என்றால் கலங்கல் ஒரு பொருட்டே இல்லை, அஸ்ஸாமே நல்லது. டார்ஜிலிங் முதல் பறிப்பு போன்ற மென்மையான தேயிலையை வைத்திருப்பவர்கள், தயவுசெய்து அதில் எலுமிச்சையும் சர்க்கரையும் கொட்ட வேண்டாம். அதைக் குளிர்ந்த நீரில் ஊறவைத்து அப்படியே குடித்துப் பாருங்கள்.

ஐஸ் டீ என்றால் பிளாக் டீதான் என்று ஒரு எண்ணம் இருக்கிறது. 1904ஆம் ஆண்டு அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் நடந்த உலகக் கண்காட்சியில், வெயிலில் யாரும் சூடான டீயை வாங்காததால் ரிச்சர்ட் பிளெச்சிண்டன் என்பவர் அதில் ஐஸைப் போட்டுக் கொடுத்தார், அப்படித்தான் ஐஸ் டீ பிறந்தது என்று ஒரு கதை உலவுகிறது. அந்தக் கண்காட்சி ஐஸ் டீயைப் பிரபலமாக்கியிருக்கலாம். ஆனால் 1870களிலேயே அமெரிக்காவில் ஐஸ் டீக்குச் செய்முறைகள் அச்சாகிவிட்டன. 1879இல் வந்த ஒரு குறிப்பு கேட்பது கிரீன் டீயைத்தான். எனக்கும் கடும் வெயில் நாளில் கிரீன் டீயில் போட்ட ஐஸ் டீதான் பிடிக்கும். ஊலாங்கும் குளிரில் நன்றாக இருக்கும். பெர்கமாட் மணம் சேர்ந்த ஏர்ல் கிரே ஏற்கெனவே எலுமிச்சைக் குடும்பத்தின் வாசனையோடு வருவதால் எலுமிச்சைச் சாறு அதிகம் தேவைப்படாது.

டீ பேக்கும் போதும். ஒரு பேக்கில் பொதுவாக 2 கிராம் தூள் இருக்கும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீரும் ஐஸும்

குளோரின் வாசனை வரும் தண்ணீர், டீ சூடாக இருக்கும்போது மறைந்தாலும் குளிர்ந்ததும் காட்டிக்கொடுத்துவிடும். வடிகட்டிய தண்ணீர் நல்லது. உப்பும் சுண்ணாம்பும் மிகுந்த கடின நீரில் டீ மங்கலாகும், மேலே ஏடு படரும்.

ஐஸுக்கும் அதே தண்ணீர்தான். ஃப்ரீசரில் திறந்த தட்டில் பல நாள் கிடந்த ஐஸ், பக்கத்தில் இருக்கும் எல்லாவற்றின் வாசனையையும் இழுத்து வைத்திருக்கும். ஒரு கட்டியை எடுத்து வாயில் போட்டுப் பாருங்கள். அதில் ஏதாவது வாசனை வந்தால் டீயிலும் வரும். புதிதாக உறையவைத்து, மூடிய டப்பாவில் வையுங்கள். பெரிய கட்டிகள் மெதுவாகக் கரையும், அதனால் டம்ளருக்குப் பெரிய கட்டி. டீயை வேகமாகக் குளிரவைக்க வேண்டிய பாத்திரத்துக்குச் சின்னக் கட்டி.

மிச்சமாகும் டீயை ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்துக்கொள்வதும் நல்ல பழக்கம். டீயில் செய்த ஐஸ் கரைந்தால் டீதானே சேரும்? மெதுவாகக் குடிப்பவர்களுக்கு நான் இதைத்தான் போட்டுத் தருவேன்.

உடனே குடிக்க: சூடாக ஊறவைத்து ஐஸில் இறக்கும் முறை

இதன் சூத்திரம் எளிது. 1 லிட்டருக்குத் தேவையான தேயிலை, அரை லிட்டர் தண்ணீர், மீதி அரை லிட்டர் ஐஸாக. 1 கிராம் ஐஸ் கரைய 334 ஜூல் வெப்பத்தை இழுக்கும். 1 கிராம் தண்ணீர் 1 டிகிரி குளிர 4.18 ஜூல் வெப்பத்தை விட்டால் போதும். கணக்குப் போட்டுப் பார்த்தால், 90 டிகிரியில் இருக்கும் 500 மில்லி டீயை, ஃப்ரீசரிலிருந்து எடுத்த 500 கிராம் ஐஸில் ஊற்றும்போது ஐஸ் ஏறக்குறைய முழுவதும் கரைந்து, மொத்தமும் 0 டிகிரியை ஒட்டி வந்து நிற்கும். வடிகட்டுவதற்குள் டீ கொஞ்சம் ஆறிவிடும் என்பதால் நடைமுறையில் சில கட்டிகள் மிச்சமிருக்கும். கரையும் தண்ணீர் இங்கே டீயின் பங்காகிவிடுகிறது, அதைக் கெடுப்பதில்லை.

படி 1. தேயிலையை அளந்துகொள்ளுங்கள். ஆர்த்தடாக்ஸ் பிளாக் டீ என்றால் 12 கிராம், சிடிசி தூள் என்றால் 9 முதல் 10 கிராம், டீ பேக் என்றால் 5. தராசு இல்லையென்றால், தலை தட்டிய ஒரு டீஸ்பூன் சிடிசி தூள் ஏறக்குறைய இரண்டரை கிராம் வரும். பெரிய இலை அதைவிட லேசானது, அதனால் ஸ்பூன் எண்ணிக்கை கூடும். ஒரு முறையாவது எடை போட்டுப் பார்த்துவிட்டால் பிறகு கையே சொல்லும்.

படி 2. 500 மில்லி தண்ணீரைக் கொதிக்கவைத்து அடுப்பை அணையுங்கள். பிளாக் டீக்குக் கொதி அடங்கியதும் ஊற்றலாம், சுமார் 95 டிகிரி. ஊலாங்குக்கு 85 முதல் 90. கிரீன் டீக்கு 75 முதல் 80 டிகிரி போதும். வெப்பமானி இல்லாதவர்கள், கொதித்த தண்ணீரை வேறு பாத்திரத்துக்கு ஒருமுறை மாற்றி ஐந்தாறு நிமிடம் திறந்து வைத்துவிட்டுக் கிரீன் டீயைப் போடுங்கள்.

படி 3. தேயிலையைப் போட்டு மூடுங்கள். அடுப்பில் வைத்துக் கொதிக்கவிடக் கூடாது. பால் டீ போட்டுப் பழகிய கைக்கு இதுதான் சிரமம். கொதிக்கக் கொதிக்க மணம் ஆவியோடு போகும், துவர்ப்பு இறங்கிக்கொண்டே இருக்கும். மூடி வைப்பது மணத்துக்காக.

படி 4. கடிகாரத்தைப் பாருங்கள். பெரிய இலைக்கு 4 நிமிடம், சிடிசி தூளுக்கும் டீ பேக்குக்கும் 3 நிமிடம், கிரீன் டீக்கு 2 முதல் 3 நிமிடம். வலு போதாது என்று தோன்றினால் அடுத்த முறை இலையைக் கூட்டுங்கள், நேரத்தைக் கூட்ட வேண்டாம். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். இலையைக் கூட்டினால் மணமும் நிறமும் துவர்ப்பும் சேர்ந்தே கூடும். நேரத்தை நீட்டினால் கசப்பும் துவர்ப்பும் மட்டும் தனியாக முன்னால் வந்து நிற்கும்.

படி 5. இனிப்பு சேர்ப்பதானால் ஊறும் நேரத்திலேயே சர்க்கரையை எடுத்து வைத்து, வடிகட்டிய சூட்டோடு கரைத்துவிடுங்கள். 1 லிட்டருக்கு 50 கிராம் நடுத்தர இனிப்பு. வடிகட்டும்போது இலையையோ டீ பேக்கையோ பிழியாதீர்கள். அந்தக் கடைசிச் சொட்டுகளில்தான் கசப்பும் கசடும் இருக்கும்.

படி 6. 500 கிராம் ஐஸைப் பெரிய ஸ்டீல் பாத்திரத்தில் போட்டு, சூடான டீயை அதன் மேல் ஊற்றிக் கிளறுங்கள். கண்ணாடி ஜாடியில் இதைச் செய்யக் கூடாது. சூடும் குளிரும் ஒரே நேரத்தில் பட்டால் சாதாரணக் கண்ணாடி விரிசல் விடும். என் வீட்டில் ஒரு ஜாடி மேசையிலேயே இரண்டாகப் பிளந்திருக்கிறது. அதன் பிறகு ஸ்டீல் தவிர வேறு எதையும் நான் நம்புவதில்லை.

படி 7. எலுமிச்சைச் சாறு சேர்ப்பதானால் இப்போது சேருங்கள். டம்ளரில் புதிய ஐஸ் போட்டு ஊற்றுங்கள். டீ ஏற்கெனவே குளிர்ந்துவிட்டதால் டம்ளரில் இருக்கும் ஐஸ் சீக்கிரம் கரையாது.

ஐஸ் போதுமான அளவு இல்லையா? அரை லிட்டர் டிகாஷனை வடிகட்டியதும் அதே அளவு குளிர்ந்த தண்ணீரை உடனே ஊற்றி, கொஞ்சம் ஆறவிட்டு, மூடி ஃப்ரிட்ஜில் வையுங்கள். தண்ணீர் கலக்காமல் அடர்த்தியான டிகாஷனாகவே ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டால் கலங்குவதற்கு வழி செய்து கொடுத்ததாகிவிடும்.

இரவில் போட்டு காலையில் குடிக்க: குளிர்ந்த நீரில் ஊறவைத்தல்

எனக்கு மிகவும் பிடித்த முறை இது. வேலையும் மிகக் குறைவு. டீயை அடுப்பில் ஏற்றவே வேண்டாம்.

குளிர்ந்த நீர் தேயிலையிலிருந்து எல்லாவற்றையும் ஒரே மாதிரி இழுப்பதில்லை. இனிமையும், உமாமி எனப்படும் இதமான நிறைவுச் சுவையும் தரும் தியானின் போன்ற அமினோ அமிலங்கள் குளிர்ந்த நீரிலும் நன்றாகவே கரையும். கசப்பும் துவர்ப்பும் தரும் கேட்டகின்களும் காஃபீனும் சூடான நீரில்தான் அள்ளிக்கொண்டு வரும், குளிரில் மெதுவாக, குறைவாக இறங்கும். அதனால் இப்படிப் போடும் டீயில் கசப்பு மிகக் குறைவு. கலங்கலும் ஏறக்குறைய இருக்காது. பலருக்குச் சர்க்கரையே தேவைப்படாது. சர்க்கரையைக் குறைக்க நினைப்பவர்களுக்கு இதைவிட எளிதான வழி எனக்குத் தெரியவில்லை.

செய்முறையை இரண்டு வரியில் சொல்லிவிடலாம். சுத்தமான கண்ணாடி ஜாடியில் 10 கிராம் தேயிலை, 1 லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீர். மூடி, ஃப்ரிட்ஜில் வைத்து, நேரம் வந்ததும் வடிகட்டுங்கள். கிரீன் டீக்கு 4 முதல் 6 மணி நேரம், ஊலாங்குக்கு 6 முதல் 8, பிளாக் டீக்கு 8 முதல் 12. இரவு படுக்கப் போகும்போது போட்டால் காலையில் எழுந்து வடிகட்டச் சரியாக இருக்கும். சிடிசி தூளில் போட்டால் கசடு அதிகம் வரும், மெல்லிய துணியில் வடிகட்ட வேண்டியிருக்கும். வடிகட்டாமல் அப்படியே இரண்டு நாள் விடுவதில் பயனில்லை, குளிரிலும் கடைசியில் துவர்ப்பு வந்துவிடும்.

இந்த டீ ஏற்கெனவே குளிர்ந்திருப்பதால் டம்ளரில் இரண்டு கட்டி ஐஸ் போதும். நிறைய ஐஸ் போட்டுக் குடிக்கும் பழக்கம் இருந்தால் 10 கிராமை 12, 13 கிராம் ஆக்கிக்கொள்ளுங்கள்.

ஜப்பானில் இதற்கு மிஸுதாஷி என்று பெயர். அங்கேயே இன்னும் பொறுமையான ஒரு முறை உண்டு, கோரிதாஷி. நல்ல கிரீன் டீ இலையின் மேல் ஐஸ் கட்டிகளை மட்டும் வைத்துவிட்டு, அது தானாக உருகி இலையில் இறங்கும்வரை காத்திருப்பார்கள். கிடைப்பது சில வாய் டீதான். ஆனால் அடர்த்தியாக, கசப்பே இல்லாமல் இருக்கும். ஐஸ் என்பது தண்ணீர் என்ற உண்மையை முழுமையாகப் பயன்படுத்திக்கொண்ட முறை இதுதான் என்பேன். ஒரு விடுமுறை நாளில் 5 கிராம் கிரீன் டீயும் ஒரு கைப்பிடி ஐஸும் வைத்துச் செய்து பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. ஜாடியில் தண்ணீரும் தேயிலையும் போட்டு வெயிலில் பல மணி நேரம் வைக்கும் முறை ஒன்று உண்டு. பார்க்க அழகாக இருக்கும். ஆனால் வெயில் தண்ணீரைக் கிருமிகள் சாகும் அளவுக்குச் சூடாக்குவதில்லை, அவை பெருகுவதற்கு வசதியான வெதுவெதுப்பில் மணிக்கணக்காக வைத்திருக்கும். ஊறவைத்தால் ஃப்ரிட்ஜில் ஊறவையுங்கள், இல்லையென்றால் கொதித்த நீரில் போடுங்கள். சமையல் மேடையில் இரவு முழுக்க வைப்பதும் இதே தவறுதான்.

இனிப்பு

குளிர்ந்த டீயில் சர்க்கரையைக் கொட்டிக் கிளறிக்கொண்டிருப்பது அலுப்பான வேலை. கடைசியில் அடியில் ஒரு படலம் மிஞ்சும். அதனால் சர்க்கரைப் பாகு செய்து வைத்துக்கொள்ளுங்கள். 200 கிராம் சர்க்கரை, 200 மில்லி தண்ணீர். சூடாக்கி, சர்க்கரை கரைந்ததும் இறக்கிவிடலாம், கம்பிப் பதமெல்லாம் வேண்டாம். ஒரு மேசைக்கரண்டி பாகில் ஏறக்குறைய 9 கிராம் சர்க்கரை இருக்கும். ஃப்ரிட்ஜில் மூடி வைத்தால் இரண்டு வாரம் தாங்கும். டீயை இனிப்பில்லாமல் போட்டு, பாகைத் தனியாக மேசையில் வைத்துவிட்டால் அவரவர் விருப்பப்படி ஊற்றிக்கொள்வார்கள். வீட்டில் சர்க்கரை கூடாதவர்கள் இருந்தால் இதுவே மரியாதையான வழியும்கூட.

பாகு கொதிக்கும்போதே மணத்தை அதில் ஏற்றிவிடலாம் என்பது இதன் இன்னொரு வசதி. தட்டிய இஞ்சி, ஒரு துண்டு பட்டை, எலுமிச்சைத் தோல், ஒரு கைப்பிடி புதினா, எதையும் சூடான பாகில் 20 நிமிடம் போட்டு வடிகட்டுங்கள். தேனை நேராகக் குளிர்ந்த டீயில் விட்டால் உருண்டையாக அடியில் போய் உட்காரும். சம அளவு வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்துச் சேர்க்க வேண்டும்.

எலுமிச்சை

எலுமிச்சை பிழிந்ததும் டீயின் நிறம் சட்டென்று வெளுப்பதைக் கவனித்திருப்பீர்கள். டீயில் இருக்கும் நிறமிகள் புளிப்பு கூடும்போது வெளிறிவிடும். வலு குறைந்துவிட்டது என்று நினைத்துக் கூடுதலாக டிகாஷன் சேர்க்க வேண்டாம், சுவை அப்படியேதான் இருக்கும்.

1 லிட்டருக்கு 2 மேசைக்கரண்டி சாறில் தொடங்கி, ருசி பார்த்துக் கூட்டுங்கள். சூடான டீயில் பிழிந்தால் புத்துணர்ச்சி போய்விடும், ஆறிய பிறகுதான் சேர்க்க வேண்டும். தோல் மட்டும் விதிவிலக்கு. வெள்ளைப் பகுதி ஒட்டாமல் மெல்லியதாகச் சீவிய இரண்டு துண்டுத் தோலை, தேயிலை ஊறும் கடைசி நிமிடத்தில் போட்டு எடுங்கள். சாறு தராத ஒரு மணத்தைத் தோலின் எண்ணெய் தரும். வட்டமாக வெட்டிய எலுமிச்சையை ஜாடியில் இரவெல்லாம் மிதக்கவிடுபவர்கள் உண்டு. மறுநாள் அந்த டீ கசந்தால் தேயிலையைக் குறை சொல்ல வேண்டாம், தோலின் வெள்ளைப் பகுதிதான் காரணம்.

பழம், புதினா, பூக்கள்

நன்றாகப் பழுத்த பழத்தை மசித்து, வடிகட்டி, 1 லிட்டர் டீக்கு 150 கிராம் அளவில் கலந்தால் போதும். பீச், ஸ்ட்ராபெரி, மாம்பழம் எல்லாமே பிளாக் டீயோடு சேரும். பழத்தின் இனிப்புக்கேற்ப பாகைக் குறைத்துக்கொள்ளுங்கள். புதினாவை அரைக்காதீர்கள், அரைத்தால் பச்சை வாடைதான் வரும். பத்துப் பன்னிரண்டு இலையை உள்ளங்கையில் வைத்து மறு கையால் ஒரு தட்டுத் தட்டி டம்ளரில் போட்டால் மணம் தானாக எழும்.

காஃபீன் வேண்டாதவர்களுக்குப் பூக்கள் இருக்கின்றன. உலர்ந்த சிவப்புப் புளிச்சைப் பூவிதழ் 10 கிராமைக் கொதித்த நீரில் 8 முதல் 10 நிமிடம் ஊறவைத்தால் மாணிக்கச் சிவப்பில் நல்ல புளிப்போடு ஒரு பானம் கிடைக்கும். அதற்கு எலுமிச்சை வேண்டாம், இனிப்பு மட்டும் கொஞ்சம் கூட வேண்டும். ரத்த அழுத்தத்துக்கு மருந்து சாப்பிடுகிறவர்கள் இதை அடிக்கடி குடிப்பதற்கு முன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. சங்குப்பூவை ஊறவைத்தால் ஆழ்ந்த நீலம் வரும். டம்ளரில் ஊற்றிய பிறகு எலுமிச்சை பிழிந்தால் கண்ணெதிரே ஊதாவாக மாறும். சுவை மிக மெல்லியதுதான். ஆனால் குழந்தைகள் அந்த நிறமாற்றத்துக்காகவே இன்னொரு டம்ளர் கேட்பார்கள். பூ, மூலிகை எதுவானாலும் கொதித்த நீரில் ஊறவைப்பதே பாதுகாப்பு.

ஏதாவது தவறிப்போனால்

கலங்கிவிட்டதா? கொஞ்சம் கொதிநீரை ஊற்றிக் கிளறுங்கள், பெரும்பாலும் தெளிந்துவிடும். அடுத்த முறை அடர்த்தியைக் குறைத்து, ஃப்ரிட்ஜில் வைக்கும் முன்பே தண்ணீர் கலந்துவிடுங்கள்.

துவர்ப்பு அதிகமாகிவிட்டால் ஒரு சிட்டிகை சமையல் சோடா காப்பாற்றும். நான் சொல்வது உண்மையிலேயே ஒரு சிட்டிகைதான், 1 லிட்டருக்கு விரல் நுனியில் எடுக்கும் அளவு. அது துவர்ப்பைத் தணித்து நிறத்தையும் ஆழமாக்கும். கூடினால் சோப்பு ருசி வந்துவிடும், பிறகு அந்த டீயை ஒன்றும் செய்ய முடியாது. இதை நான் எப்போதாவதுதான் செய்வேன். நேரத்தைச் சரியாகப் பார்த்தால் தேவையே வராது.

தண்ணீராக இருந்தால் அந்த டீயில் புதுத் தேயிலையைப் போட்டு மறுபடி சூடாக்காதீர்கள். அதை ஐஸ் தட்டில் உறையவைத்துவிட்டு, தனியாக ஒரு டம்ளர் வலுவான டீ போட்டு அந்த ஐஸில் ஊற்றுங்கள். இனிப்பும் வலுவும் சரியாக இருந்தும் ஏதோ சப்பென்று இருக்கிறதென்றால் அது புளிப்புக் குறைதான், அரை டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு போதும்.

எவ்வளவு நாள் வைக்கலாம்?

டீ சுற்றியிருக்கும் வாசனையை எளிதில் பிடித்துக்கொள்ளும், எனவே இறுக மூடிய கண்ணாடி பாட்டில் அவசியம். வெட்டிய வெங்காயம் இருக்கும் தட்டில் திறந்து வைத்த டீயை ஒருமுறை குடித்தவர்கள் மறக்கமாட்டார்கள். பிளாக் டீ ஃப்ரிட்ஜில் இரண்டு நாள் வரை நன்றாக இருக்கும். கிரீன் டீ ஒரே நாளில் பழுப்பேறத் தொடங்கும், சில சொட்டு எலுமிச்சைச் சாறு அதைத் தாமதப்படுத்தும். பழம் சேர்த்ததை அன்றே குடித்துவிட வேண்டும். வெளியே இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம். புளித்த வாடையோ, ஊற்றும்போது நூல் போன்ற வழவழப்போ தெரிந்தால் ருசி பார்க்காமல் கொட்டிவிட்டு, பாட்டிலையும் மூடியையும் கொதிநீரில் கழுவுங்கள். மூடியின் ரப்பர் வளையத்தைக் கழற்றித் தனியாகத் தேய்க்க வேண்டும், பழைய டீ ஒளிந்திருப்பது அங்கேதான்.

தேயிலையில் உள்ள பாலிஃபீனால்கள் தாவர உணவிலிருந்து இரும்புச்சத்து உடம்பில் சேர்வதைக் குறைக்கும். ரத்தசோகை உள்ளவர்கள் சாப்பாட்டோடு சேர்த்து ஐஸ் டீ குடிக்காமல் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுவது நல்லது. இரவில் தூக்கம் பாதிக்கப்படுகிறவர்கள் மாலைக்குப் பிறகு பூக்களில் போட்ட டீயை எடுத்துக்கொள்ளலாம்.

முதல் முறையாகப் போடுகிறவர்கள் இன்று இரவே 5 கிராம் தேயிலையையும் அரை லிட்டர் தண்ணீரையும் ஒரு பாட்டிலில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டுத் தூங்குங்கள். காலையில் வடிகட்டி, எதுவும் சேர்க்காமல் ஒரு டம்ளர் குடித்துப் பாருங்கள். எவ்வளவு சர்க்கரை, எவ்வளவு எலுமிச்சை என்பதை அதன் பிறகு முடிவு செய்துகொள்ளலாம்.